இரைச்சல் எங்கே நுழைகிறது?

உங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கும் சாதனம் எதுவாயினும் சரி, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பாட்டு எதையும் ஓட விடாமல், மின் இணைப்பை மட்டும் கொடுத்துவிட்டு, ஒலியளவுக் குமிழை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். பிறகு ஒலிபெருக்கியின் பக்கத்தில் போய் உற்றுக் கேளுங்கள். பாட்டு இல்லை, ஆனால் நிசப்தமும் இல்லை. அடியில் வண்டின் முரற்சியைப் போல ஓர் உறுமல் கேட்கலாம். அதற்கு மேலே, தொலைவில் பெய்யும் மழையைப் போல விடாத ஒரு சீறல் கேட்கும். அடுத்த அறையில் யாராவது விளக்கின் சுவிட்சை அணைத்தால் 'சடக்' என்று ஒரு வெடிப்பொலியும் வந்து போகலாம்.

இம்மூன்றையும் நாம் 'இரைச்சல்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கருவி பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்கிறோம். உண்மையில் உறுமலும் சீறலும் சடசடப்பும் வெவ்வேறு இடங்களில் பிறந்து, வெவ்வேறு வழிகளில் நுழைபவை. இவற்றுள் சிலவற்றை நீங்களே ஐந்து நிமிடத்தில் விரட்டிவிடலாம். ஒன்றை மட்டும் உலகின் எந்தப் பொறியாளராலும் முற்றாக விரட்ட முடியாது. எது எந்த வகை என்று பிரித்தறிய விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டு இரைச்சலையும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

தொலைபேசி கற்பித்த முதற்பாடம்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1876. அதற்கு முன்பே தந்திக் கம்பிகள் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. தந்தியில் ஒரு தொடர்புக்கு ஒரே கம்பிதான். மின்னோட்டம் அக்கம்பி வழியே போய், பூமியின் வழியே திரும்பிவரும். இரு முனைகளிலும் ஓர் உலோகத் தகட்டை மண்ணில் புதைத்துவிட்டால் போதும். பாதிக் கம்பி மிச்சம். தொலைபேசி போட்டவர்களும் முதலில் இந்தச் சிக்கனத்தையே பின்பற்றினர்.

தந்திக்குப் பொருந்தியது தொலைபேசிக்குப் பொருந்தவில்லை. தந்திக் கருவி அசைவதற்கு ஓரளவு வலுவான மின்னோட்டம் வேண்டும். சிறு சலனங்களை அது பொருட்படுத்தாது. தொலைபேசியின் கேட்பானோ மிக நுண்ணிய மின்னோட்டத்துக்கும் அசைந்துகொடுக்கும். எனவே பக்கத்துக் கம்பியில் ஓடிய தந்திச் செய்தியும், முன்பின் தெரியாதவர்களின் பேச்சும் காதில் விழுந்தன. 1880களில் மின்விளக்குகளும், அவற்றைத் தொடர்ந்து மின்சார டிராம் வண்டிகளும் நகரங்களுக்கு வந்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. டிராம் வண்டியின் மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே திரும்பியது. அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்தது. அதே மண்தானே தொலைபேசிக்கும் திரும்பும் பாதை! ஊர்ப் பொதுக்குளத்தில் ஒருவர் துணி துவைத்தால் இன்னொருவர் குடத்தில் அழுக்குவருவது போன்ற கதைதான் இது.

பூமியைக் கைவிட்டு, திரும்பும் பாதைக்கும் ஒரு கம்பி போடுவதே இதற்கான தீர்வு. அவ்விரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி விடவேண்டும் என்பதற்கான காப்புரிமையைப் பெல் 1881இல் பெற்றார். முறுக்குவதால் என்ன பயன்? வெளியிலிருந்து வரும் மின்காந்தத் தூண்டல் அருகிலுள்ள கம்பியைச் சற்று அதிகமாகவும் தள்ளியுள்ள கம்பியைச் சற்றுக் குறைவாகவும் பாதிக்கும். ஒவ்வொரு முறுக்கிலும் கம்பிகள் இடம் மாறிக்கொள்வதால், இறுதியில் இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் பாதிக்கப்படுகின்றன. கேட்பானோ இரு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே உணரும். சம அளவுகளின் வேறுபாடு சுழி. இரைச்சல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. இன்று கணினிகளை இணைக்கும் வலைப்பின்னல் கம்பிகளை வெட்டிப் பார்த்தால் உள்ளே முறுக்கிய இணைகளைக் காணலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொலைபேசிக் கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அதை நூறு முறை பிரித்துப் பூட்டியிருந்தாலும் இரைச்சல் போயிருக்காது. அது நுழைந்தது திரும்பும் பாதையில். ஆகவே இரைச்சலைப் பற்றி எழுப்ப வேண்டிய முதற்கேள்வி, 'எது கெட்டுப்போயிற்று?' என்பதன்று, 'எங்கே நுழைகிறது?' என்பதே.

உறுமலின் பிறப்பிடம்

1920களின் தொடக்கத்தில் வீட்டு வானொலிகள் மின்கலங்களால் இயங்கின. மின்கலம் தருவது ஒரே சீரான நேர்த்திசை மின்னோட்டம். எனவே உறுமல் இல்லை. ஆனால் மின்கலங்களுக்கு ஆகும் செலவும் தொல்லையும் அதிகம். சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்திலேயே வானொலியை இயக்கினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. கனடாவில் எட்வர்டு ரோஜர்ஸ் 1925இல் அத்தகைய வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1927இல் இதற்கான வால்வுகளை வெளியிட்டது.

இதில் என்ன சிக்கல்? அக்கால வால்வில், சூடேறிய இழையே எலக்ட்ரான்களை உமிழ்ந்தது. அந்த இழையில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தினால் அதன் ஏற்ற இறக்கம் முழுதும் ஒலியில் வந்துவிடும். எனவே இழையைச் சுற்றி ஓர் உலோகக் குழலைப் பொருத்தினார்கள். இழை குழலைச் சூடாக்கும். குழல் எலக்ட்ரான்களை உமிழும். குழலின் வெப்பம் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்க முடியாது. அடுப்பைச் சற்றே கூட்டிக் குறைத்தாலும் கனத்த தோசைக்கல்லின் சூடு உடனே மாறிவிடாதல்லவா? அதைப் போலத்தான்.

வால்வுகளுக்கு வேண்டிய நேர்த்திசை மின்னழுத்தத்தை மின்திருத்தி கொடுத்தது. ஆனால் அது தருவது துடிப்புத் துடிப்பான மின்னோட்டம். அத்துடிப்பைச் சமன்செய்வது பெரிய மின்தேக்கியின் வேலை. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் மாடியிலுள்ள தொட்டி குழாயில் ஒரே சீராகத் தண்ணீர் தருவதைப் போன்றது இது. வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்த பின்னும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. மின்தேக்கியின் உள்ளே உள்ள மின்பகு திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்கிறது, தொட்டி சிறுத்துவிடுகிறது, உறுமல் பிறக்கிறது.

உறுமலின் சுருதியே அதன் ஊரைச் சொல்லிவிடும். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். முழு அலை மின்திருத்தி ஒவ்வொரு சுற்றிலும் இரு துடிப்புகளைத் தருவதால், மின்தேக்கி தளர்ந்தால் எழும் உறுமல் 100 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு இது சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்கும். ஆழமான 50 ஹெர்ட்ஸ் உறுமல் பெரும்பாலும் வெளியிலிருந்து கம்பிகளின் வழியே நுழைந்ததாகவே இருக்கும்.

ஒலியளவுக் குமிழும் ஒரு சோதனைக் கருவிதான். குமிழை முற்றிலும் குறைத்த பிறகும் உறுமல் அப்படியே இருந்தால், அது குமிழுக்குப் பின்னால், அதாவது மின்வழங்கியிலோ இறுதிப் பெருக்கியிலோ நுழைகிறது. குமிழோடு சேர்ந்து கூடிக் குறைந்தால், குமிழுக்கு முன்னால், அதாவது உள்ளீட்டுக் கம்பியிலோ அதற்கும் அப்பாலோ நுழைகிறது. உள்ளீட்டுக் கம்பியைக் கழற்றியதும் நின்றுவிட்டால் ஐயமே வேண்டாம்.

இன்று வீடுகளில் அடிக்கடி காணும் உறுமல் இந்த இரண்டாம் வகை. கணினி ஒரு பக்கத்துச் சுவரிலும் பெருக்கி எதிர்ப்பக்கத்துச் சுவரிலும் மூன்று முனைச் செருகிகளால் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் எர்த்து உண்டு. இரண்டையும் ஒலிக்கம்பியின் கவசமும் இணைக்கிறது. ஆகச் சுவருக்குள் ஒரு பாதை, கவசத்தின் வழியே ஒரு பாதை என ஒரு பெரிய வளையம் உருவாகிவிடுகிறது. எர்த்துப் பாதையில் கசியும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு கவசத்தின் வழியே ஓடி, பாட்டோடு கலந்து, உறுமலாக வெளிவருகிறது. அன்று தொலைபேசிக்கும் டிராம் வண்டிக்கும் நேர்ந்த அதே கதை! மடிக்கணினியானால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் வளையம் இருப்பது உறுதி. இரு கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிடில் ஒலிக்கம்பியின் இடையே தனிப்படுத்தும் சிறு மின்மாற்றி ஒன்றைப் பொருத்தலாம்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். எர்த்து முனையை ஒடித்துவிட்டாலோ எர்த்துக் கம்பியைத் துண்டித்துவிட்டாலோ உறுமல் நின்றுவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நிற்கக்கூடும். ஆனால் கருவிக்குள் ஒரு கம்பி தளர்ந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரத்தைப் பத்திரமாக மண்ணுக்குக் கொண்டுசெல்லும் வழியும் அத்துடன் அடைபட்டுவிடும். அடுத்து அப்பெட்டியைத் தொடுபவரின் உடலே எர்த்தாகும். 1972 மே மாதம் பிரிட்டனின் சுவான்சி நகரில், லெசு ஹார்வி என்ற கிதார்க் கலைஞர் மேடையில் சரியான எர்த்து இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மின் அதிர்ச்சியால் இறந்தார். இசை கேட்க ஆசைப்படலாம். உயிரைப் பணயம் வைக்கலாகாது.

சீறல்: எலக்ட்ரான்களின் மழை

உறுமலை அடக்கிய பிறகும் சீறல் எஞ்சியிருந்தது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் வால்வுப் பெருக்கிகளை அடுக்கடுக்காக இணைத்து, மிக மெல்லிய குறிப்புகளைப் பல்லாயிரம் மடங்கு பெருக்க முயன்றனர். ஓர் எல்லைக்கு மேல் குறிப்புக்குப் பதில் சீறலே பெருகியது. வால்வின் தரம் போதவில்லை என்றே பலரும் எண்ணினர்.

ஜெர்மானிய இயற்பியலார் வால்டர் ஷாட்கி 1918இல் வேறொரு விளக்கம் தந்தார். மின்னோட்டம் என்பது தண்ணீர் போன்ற தொடர் ஒழுக்கு அன்று. தனித்தனி எலக்ட்ரான்களின் வரிசை. அவை வால்வில் ஒழுங்கான இடைவெளியில் வந்து சேர்வதில்லை. தகரக் கூரையில் விழும் மழைத்துளிகளைப் போல முன்னும் பின்னுமாக விழுகின்றன. அந்த ஒழுங்கின்மையே சீறலாகக் கேட்கிறது என்றார் அவர்.

பத்தாண்டுகளுக்குப் பின் இன்னும் அடிப்படையான ஓர் உண்மை வெளிப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஜான்சன் என்பவர், மின்கலமோ வால்வோ இணைக்கப்படாத வெறும் மின்தடைகூட ஒரு நுண்ணிய மின்னழுத்த அலைவைத் தருவதைக் கண்டார். கரியிழை, உலோகக் கம்பி, உப்புக் கரைசல் என்று பலவற்றையும் மாற்றிப் பார்த்தார். பொருள் எதுவாயினும் விளைவு ஒன்றே. மின்தடையின் அளவையும் வெப்பநிலையையும் மட்டுமே இரைச்சல் சார்ந்திருந்தது. இதற்குரிய கொள்கை விளக்கத்தை அவருடைய சகாவான ஹாரி நைக்விஸ்ட் வகுத்தார். இருவரும் ஸ்வீடனில் பிறந்தவர்கள். இருவர் கட்டுரைகளும் 1928இல் வெளியாயின.

மின்தடைக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் தாறுமாறாக அலைகின்றன. அந்த அலைச்சலே இரைச்சல் என்பது அவர்கள் கண்ட உண்மை. இரைச்சல் மின்னழுத்தத்தின் இருமடிச் சராசரியைக் காண, போல்ட்ஸ்மன் மாறிலி, தனிவெப்பநிலை, மின்தடை, பட்டை அகலம் ஆகிய நான்கையும் பெருக்கி, அதை மேலும் 4ஆல் பெருக்கினால் போதும். கணக்கிட்டுப் பாருங்கள். 27 டிகிரி செல்சியசில் உள்ள 10,000 ஓம் மின்தடை, காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் பட்டையில் ஏறத்தாழ 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தரும். இது அற்பம்தான். ஆனால் பத்தாயிரம் மடங்கு பெருக்கினால் 18 மில்லிவோல்ட் ஆகும். அதைத்தான் ஒலிபெருக்கியின் அருகே சீறலாகக் கேட்கிறீர்கள்.

இந்தச் சீறலை முற்றாக ஒழிக்க வேண்டுமானால் கருவியைத் தனிச்சுழி வெப்பநிலைக்குக் குளிர்விக்க வேண்டும். வானொலி வானியலார் தம் பெருக்கிகளை ஹீலியத்தால் குளிர்விப்பது இந்தக் காரணத்தால்தான். வீட்டுக் கூடத்தில் அது நடவாது. ஆகவே நல்ல பெருக்கி என்பது சீறலே இல்லாத பெருக்கி அன்று. இயற்கை விதித்த எல்லைக்கு மேல் தன் பங்காக எதையும் அதிகம் சேர்க்காத பெருக்கி.

தொல்லை என்று தொடங்கியது ஓர் அளவுகோலாகவும் ஆயிற்று. ஜான்சன் தாம் அளந்த இரைச்சலிலிருந்தே போல்ட்ஸ்மன் மாறிலியைக் கணக்கிட்டார். அன்று ஏற்கப்பட்டிருந்த மதிப்பிலிருந்து அது 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே வேறுபட்டது. 2019இல் அம்மாறிலியின் மதிப்பு உலக அளவில் நிலையாக வரையறுக்கப்பட்டபோது, அதற்கு ஆதாரமாக இருந்த அளவீடுகளுள் மின்தடையின் இரைச்சலை அளந்து பெற்றதும் ஒன்று.

சடசடப்பும் 1933ஆம் ஆண்டும்

இனிச் சடசடப்பு. 1887இல் ஹெர்ட்ஸ் மின்பொறியைக் கொண்டு மின்காந்த அலைகளை உண்டாக்கினார். சுவிட்சை அணைக்கும்போது அதனுள் தோன்றும் சிறு பொறியும் அதையே செய்கிறது. வானத்து மின்னலோ மாபெரும் பொறி. கோடை இடியின்போது மத்திய அலை வானொலியைக் கேட்டவர்களுக்கு அந்தச் சடசடப்பு நன்றாக நினைவிருக்கும்.

அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்டிராங் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பழைய முறையில் வானொலி அலையின் வீச்சைக் கூட்டிக் குறைத்தே ஒலியை ஏற்றினர். மின்னலும் அலையின் வீச்சைத்தான் குலைக்கிறது. எனவே நல்லதையும் கெட்டதையும் பிரிக்க வழியில்லை. வீச்சை மாற்றாமல் அதிர்வெண்ணை மாற்றி ஒலியை ஏற்றினால் என்ன? அப்போது வாங்கியில் வரும் வீச்சு மாற்றங்களை எல்லாம் துணிந்து வெட்டி எறியலாம். இம்முறையால் நன்மை இல்லை என்று ஜான் கார்சன் என்ற கணித வல்லுநர் 1922இலேயே எழுதியிருந்தார். குறுகிய அதிர்வெண் பட்டைக்கு அவர் கணக்குச் சரி. ஆர்ம்ஸ்டிராங் பட்டையை மிக அகலமாக்கினார். 1933 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1935இல் நியூயார்க்கில் பொறியாளர்கள் முன் அவர் செய்துகாட்டியபோது, குவளையில் தண்ணீர் ஊற்றும் ஒலிகூடத் தெளிவாகக் கேட்டதாம். இதுவே பண்பலை.

அவருக்குக் கிடைத்த பரிசு கசப்பானது. 1945இல் அமெரிக்க அரசின் ஆணையம் பண்பலையை வேறு அலைவரிசைக்கு மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த கருவிகள் பயனற்றுப் போயின. காப்புரிமை வழக்குகள் அவர் செல்வத்தையும் மன அமைதியையும் தின்றன. 1954இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி மரியன் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி, 1967இல் கடைசி வழக்கிலும் வென்றார். இந்தியாவில் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியது.

அதே 1933இல் இன்னோர் இரைச்சலின் முகவரியும் தெரியவந்தது. கடல் கடந்த வானொலித் தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சல்கள் எத்திசையிலிருந்து வருகின்றன என்று கண்டறியும் வேலையைப் பெல் ஆய்வுக்கூடம் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞருக்குக் கொடுத்திருந்தது. அவர் சக்கரங்களின்மேல் சுழலும் பெரிய ஏரியல் ஒன்றை அமைத்தார். அருகிலுள்ள இடி ஒரு வகை. தொலைவிலுள்ள இடி இன்னொரு வகை. மூன்றாவதாக மெல்லிய ஒரு சீறல். அது எந்த இயந்திரத்திலிருந்தும் வரவில்லை. 23 மணி 56 நிமிடங்களுக்கு ஒரு முறை அதே திசைக்குத் திரும்பிவந்தது. அது விண்மீன்களைச் சார்ந்து பூமி ஒரு முறை சுழலும் காலம்! சீறல் பால்வீதியின் மையப் பகுதியிலிருந்து வந்தது. வானொலி வானியல் பிறந்தது இப்படித்தான்.

ஒலிநாடாவின் சீறல்

ஒலிநாடா தன் பங்குக்கு ஒரு சீறலைக் கொண்டுவந்தது. நாடாவின்மேல் பூசிய காந்தத் துகள்கள் தனித்தனியானவை. அவை வாசிப்பு முனையைக் கடக்கும்போது எலக்ட்ரான் மழையைப் போன்ற ஓசை எழும். 1940இல் பெர்லினில் வால்டர் வெபர் ஆராய்ந்துகொண்டிருந்த பெருக்கி ஒன்று, கோளாறினால் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் தானே அலைவுறத் தொடங்கியது. வியப்பு என்னவெனில், பதிவு முன்னிலும் தெளிவாக இருந்தது. அந்தக் கோளாற்றை அவர் முறையாக்கினார். ஒலிப்பதிவில் உயர் அதிர்வெண் சார்பு மின்னோட்டம் வழக்கத்துக்கு வந்தது.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. 4 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள நாடா, நொடிக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஓடியதால் சீறல் மிகுதி. ரே டால்பி இதற்கு மருந்து கண்டார். இவர் 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றியவர். பிறகு லண்டனில் தம் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். 1968இல் வந்த அவரது வீட்டு உபயோக முறை எளிமையானது. பதிவு செய்யும்போது மெல்லிய உயர்சுருதி ஒலிகளை மட்டும் உயர்த்து. கேட்கும்போது அதே அளவு தாழ்த்து. பாட்டு பழைய நிலைக்கு வரும். இடையில் நாடா சேர்த்த சீறல் மட்டும் தாழ்ந்துவிடும். உரத்த ஒலிகளைத் தொடவேண்டியதில்லை. பேருந்து நிலையத்தின் ஆரவாரத்தில் கைக்கடிகாரத்தின் டிக் டிக் கேட்காததைப் போல, உரத்த பாட்டில் சீறல் தானே மறைந்துவிடும். இம்முறை உயர்சுருதிச் சீறலைச் சுமார் 10 டெசிபல், அதாவது அதன் ஆற்றலில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. டால்பி வசதி இல்லாத கருவியில் அத்தகைய கேசட்டைப் போட்டபோது பாட்டு கூர்மையாகக் கீச்சிட்டதன் காரணம் இப்போது விளங்கும்: உயர்த்தியதைத் தாழ்த்துவார் அங்கு இல்லை.

நீங்கள் செய்யவேண்டியது

1982இல் குறுந்தட்டு வந்தது. இன்று பாட்டு எண்களாகவே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. நாடாவின் சீறல் மறைந்தது. ஆனால் அந்த எண்கள் கடைசியில் மின்னோட்டமாக மாறி, மின்தடைகளும் மின்வழங்கியும் உள்ள பெருக்கியின் வழியாகத்தான் ஒலிபெருக்கியை அடைகின்றன. பழைய வாயில்கள் திறந்தே இருக்கின்றன. புதியனவும் சேர்ந்திருக்கின்றன: 2ஜி கைப்பேசி நொடிக்கு 217 முறை துண்டுதுண்டாக அலைகளை அனுப்புவதால், பக்கத்தில் வைத்த ஒலிபெருக்கி 'டட்டட் டட்டட்' என்று அதிர்ந்தது பலருக்கு நினைவிருக்கும்.

ஆகவே இரைச்சல் கேட்டால் உடனே திருப்புளியை எடுக்காதீர்கள். முதலில் கேளுங்கள்: உறுமலா, சீறலா, சடசடப்பா? குமிழைத் திருப்புங்கள்: மாறுகிறதா, மாறவில்லையா? உள்ளீட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: எதைக் கழற்றியபோது நின்றது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். குமிழுக்குப் பின்னாலிருந்து வரும் 100 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால், மின்தேக்கியை மாற்றும்படி தொழில் அறிந்தவரிடம் கொடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும் என்பதால் பெட்டியை நீங்கள் திறக்கவேண்டாம். எர்த்து வளையம் என்றால் ஒரே பலகையில் செருகுங்கள். சடசடப்பு என்றால் பொறி எழும் சுவிட்சையோ மோட்டாரையோ தேடுங்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்த பின்னும் ஒலிபெருக்கியில் காதை வைத்தால் மட்டும் கேட்கும் மெல்லிய சீறல் எஞ்சுமானால், அதைத் தேடி மேலும் பணம் செலவிடவேண்டாம். உங்கள் அறை வெதுவெதுப்பாக இருக்கும்வரை எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டுதான் இருக்கும். காதை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி அமர்ந்து பாட்டைக் கேளுங்கள்.